டூயி போடப் பயந்த பாட்டு

இசைத்தட்டைச் சட்டை நுனியால் துடைத்து, ஒரு முறை ஊதி, பாட்டை எழுதியவர் பெயரை முதலில் சொல்லிவிட்டுத்தான் டூயி ஸ்டாம்பர் ஊசியை வைப்பார். "பாடினவளை ஊரே தலைல தூக்கி வச்சு ஆடுது. எழுதினவன் ஜெயில்ல உக்காந்து எழுதினான். அவன் பேரு எவனுக்காவது தெரியுமா?" என்று மைக்கிலேயே சண்டைக்கு நிற்பார். அமெரிக்காவின் கென்டக்கி மலைகளுக்கு நடுவே ஓர் ஒற்றை அறை வானொலி நிலையம். முப்பத்தெட்டு வருடமாகக் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை அவர் குரல்தான். கிராமத்து ஆட்கள் கிடாரோடு பாடும் பழைய கன்ட்ரி பாட்டு மட்டும்தான் போடுவார். யாராவது புதுப் பாட்டு கேட்டு போன் செய்தால், "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவார்.

ஏழரைக்குச் சாவு அறிவிப்பு. இறந்தவர் பெயர், எந்தச் சர்ச்சில் அடக்கம், பிறகு அவருக்குப் பிடித்த பாட்டு. இதற்காகவே பள்ளத்தாக்கில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே ஆளுக்கொரு பாட்டை அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒருவர் பிடித்துவைத்ததை இன்னொருவருக்குத் தரமாட்டார். ஒரு ரயில் பாட்டுக்காக இரண்டு சுரங்கத் தொழிலாளிகள் அடித்துக்கொண்டதும் உண்டு. மூன்று முறை விவாகரத்தான மெக்கானிக் ஒருவர் கல்யாணப் பாட்டு கேட்டிருக்கிறார். எல்லாம் டூயிக்கு மனப்பாடம்.

ஒரே ஒரு முறை சறுக்கினார். ஆறு வருடத்துக்கு முன் சாவு எதுவும் இல்லாத ஒரு காலையில், கைப்பழக்கத்தில் கிளைட் ஹஃப் என்பவர் சொல்லி வைத்திருந்த பாட்டை ஏழரைக்குப் போட்டுவிட்டார். சாவு வீட்டுக்கு ஆக்கிக் கொண்டுபோவது ஊர் வழக்கம்; பத்து மணிக்குள் கிளைட் வீட்டு வாசலில் சுட்ட பன்றித்தொடையும் உருளைக்கிழங்குமாகப் பதினோரு பேர். கதவைத் திறந்ததே கிளைட்தான். "இவ்வளவு சாப்பாடு வரும்னு தெரிஞ்சிருந்தா போன வருஷமே செத்திருப்பேனே!" என்று சிரித்தபடி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் வாரம் நிஜமாகவே போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். டூயி அதை நம்பவில்லை. அன்றிலிருந்து உயிரோடிருப்பவர் சொல்லி வைத்த பாட்டின் பக்கமே அவர் கை போவதில்லை. மனைவி ஓலீட்டா சொல்லி வைத்திருந்த பாட்டின் தட்டை நிலையத்துப் பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்.

போன வியாழக்கிழமை ஓலீட்டாவுக்கு லெக்சிங்டனில் இதய அறுவை சிகிச்சை. துணைக்கு அவர் தங்கை நடீன் போயிருந்தாள். "நீ வந்து முழிச்சுகிட்டு நின்னா எனக்கு ரத்தக்கொதிப்புதான் ஏறும். வேலைக்குப் போ" என்று டூயியை விரட்டிவிட்டிருந்தார் ஓலீட்டா. அன்று காலை டூயி இரண்டு பேர் பெயரைத் தப்பாகப் படித்தார். காபி ஆறிப்போய்க் கிடந்தது. ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஓலீட்டாவின் போன் வந்தது.

"டூயி, என் பாட்டைப் போடு."

"பைத்தியமா உனக்கு? நீ போயிட்டேன்னு ஊரே நினைக்கும்."

"நினைக்கட்டும். ஆக்கிக் கொண்டுவந்து கொட்டுவாங்க. உனக்கு ரெண்டு நாள் சாப்பாட்டுக் கவலை விட்டுது."

"கிளைடை மறந்துட்டியா?"

"கிளைடு தினம் ஆறு முட்டையைப் பன்னிக் கொழுப்புல பொரிச்சுத் தின்னான். பாட்டு மேல ஏன் பழி போடற? நான் போனப்புறம் போட்டா எனக்குக் கேக்கவா போகுது?" பிறகு, "பயமா இருக்கு டூயி" என்றார்.

கல்யாணமாகி நாற்பத்தோரு வருடத்தில் ஓலீட்டா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. டூயி பீரோவைத் தள்ளி, தட்டை உருவி எடுத்தார். ஊசி இரண்டு முறை சறுக்கியது. மைக்கைத் திறந்தார்.

"எழுதினது லெஸ்டர் போக்ஸ். பாடறது வேர்னா கிரைடர். கேக்கறது என் பொண்டாட்டி. அவ உயிரோட இருக்கா. யாரும் அடுப்பைப் பத்த வைக்காதீங்க."

நிலையத்தின் அலை லெக்சிங்டன் வரை எட்டாது. அதனால் ரிசீவரை ஒலிபெருக்கியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். ஸ்டீல் கிடார் இழுத்து அழுதது. ஊரார் கூப்பிட, மற்ற போன் விளக்குகள் எல்லாம் மின்ன ஆரம்பித்தன. அவர் எதையும் எடுக்கவில்லை. கிளைடின் முகம் கண்முன் வந்து வந்து போனது. நடுவில் ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"நர்ஸ் வந்துட்டா டூயி. தங்கமான பொண்ணு. பாட்டு முடியற வரைக்கும் நிக்கறேன்னு சொல்றா. முடிஞ்சதும் உள்ள கூட்டிட்டுப் போயிடுவாளாம்."

கடைசி வரி வந்தது. வேர்னாவின் குரல் அடங்குவதற்குள் டூயி ஊசியைத் தூக்கி, மறுபடி தட்டின் ஓரத்தில், ஆரம்பத்திலேயே வைத்தார்.