நான் கேட்டு வாங்கிய சக்கரம்

கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு அப்போது ஹெட்கிளார்க் உத்தியோகம். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் தம் பழைய காரை என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். ஊரில் கார் வைத்திருந்த எல்லோரும் எனக்குச் சொன்ன புத்தி ஒன்றுதான்: வண்டி திருட்டுப் போகாது, சக்கரம் போகும்.

அதனால் திண்டுக்கல்லிலிருந்து பூட்டு வரவழைத்தேன். நிறுத்துகிற இடத்திலெல்லாம் முன்சக்கரத்தின் ஆரங்களுக்குள் சங்கிலியைக் கோத்துப் பூட்டினேன். ஃபுட்போர்டில் கட்டியிருக்கும் ஸ்டெப்னியைத் தினமும் அவிழ்த்து, ஆபீஸில் என் மேஜைக்கடியிலும் வீட்டில் கட்டிலுக்கடியிலும் வைத்தேன். பாலிகஞ்ச் வீட்டில் படுக்கையறை முழுக்க ரப்பர் நாற்றம். தெருச் சாணியும் சேறும் அதோடு உள்ளே வந்தன.

"சாமி படம் மாட்டின ரூம்னா இது," என்றாள் என் மனைவி. நான் காதில் வாங்கவில்லை.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் ஆபீஸிலிருந்து இறங்கி வந்தேன். கார் இடப்பக்கம் சாய்ந்து சாக்கடையோரம் மண்டியிட்டிருந்தது. முன்சக்கரம் இல்லை. அறுத்த சங்கிலியின் நுனியில் பூட்டு மட்டும் பூட்டியபடியே கிடந்தது. பத்தடி தள்ளி எங்கள் ஆபீஸ் வாசலைக் காவல் காக்கும் தர்வான் ஸ்டூலில் உட்கார்ந்து பான் மென்றுகொண்டிருந்தான்.

"பார்க்கலையே பாபு," என்றான். சொல்லிவிட்டு, சக்கரம் இருந்த இடத்திலேயே சிவப்பாகத் துப்பினான்.

ஸ்டெப்னியை மாட்டி வீடு வந்து சேர்ந்தேன். இனி ஸ்டெப்னிக்கு ஒரு சக்கரம் வேண்டும். மறுநாள் பழைய டயர் விற்கும் சந்துக்குப் போனேன். எண்ணெய்ப் பிசுக்கேறிய லுங்கி கட்டிய கடைக்காரர் என்ன கார், என்ன அளவு என்று அக்கறையாக விசாரித்தார்.

"இன்னைக்கு இல்லை பாபு. நாளன்னிக்கு வாங்க, கட்டாயம் கிடைக்கும்."

நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன்?

சொன்ன நாளில் சக்கரம் தயாராக இருந்தது. காரில் கட்டும்போது என் விரலில் சேறு ஒட்டியது. காயாத சேறு. உள்விளிம்பில் சிவப்பு பெயிண்டால் சின்னதாக ஒரு சிலுவைக் குறி. அது என்னவென்று வழியெல்லாம் யோசித்தேன். எங்கள் தெருமுனை திரும்பியதும் தெரிந்துவிட்டது. அங்கே குடியிருந்த வங்காளி டாக்டரின் கார், முந்தின நாளும் நான் கவனிக்காமலே கடந்துபோன கார், ஒரு சக்கரம் இல்லாமல் செங்கல் அடுக்கின் மேல் நின்றது. மற்ற மூன்று சக்கரங்களிலும் அதே சிவப்புக் குறி.

திருடனுக்கு அளவு சொல்லி அனுப்பியவன் நான்.

வீட்டில் சொன்னேன். மனைவி கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில், "நாமளா திருடினோம்? கடையில வாங்கினது. பேசாம இருங்கோ," என்றாள். அவள் சொன்னதை அரைமணி நேரம் நானும் ஏற்றுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பிறகு சக்கரத்தை உருட்டிக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனேன். வாசலுக்கு வந்த டாக்டர் குறியைத் தடவிப் பார்த்தார். முந்தின நாள் காலை பெஹாலாவில் ஒரு பிரசவத்துக்கு அவரை அழைத்திருந்தார்களாம். கார் செங்கல்லில் நிற்க, குதிரை வண்டி பிடித்துப் போய்ச் சேருவதற்குள் நேரம் கடந்துவிட்டது.

"தாய் பிழைத்தாள். குழந்தை போய்விட்டது," என்றார்.

எந்தக் கடை என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"மோஷாய், நேற்று சாயங்காலம் நானும் அங்கேதான் சக்கரம் கேட்டுவிட்டு வந்தேன். நாளைக்குத் தருவதாகச் சொன்னான்."

வேண்டாமென்று சொல்ல மறுநாள் விடிந்ததும் இருவரும் டிராம் பிடித்துப் போனோம். கடை வாசலில் ஒரு சக்கரம் சாய்த்து வைத்திருந்தது. யார் வண்டியினுடையதோ. கடைக்காரர் எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் சிரித்தார். துளி வெட்கம் இல்லை.

"வேண்டாமா? பரவாயில்லை டாக்டர் பாபு. இதே அளவு கேட்டு இன்னொருவர் வரார்."

டாக்டர் போலீஸுக்குப் போவோம் என்றார். போனோம். தாணாவில் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாங்கினது நீங்கதானே?" என்று என்னைத்தான் பார்த்தார். எழுதிக்கொண்டார். அந்தக் கடை ஒருநாள்கூட மூடவில்லை.

அதன் பிறகு காரை விற்கும் வரை ஸ்டெப்னி இல்லாமலே ஓட்டினேன். இரண்டு தடவை நடுரோட்டில் பஞ்சராகி, மழையில் நனைந்துகொண்டு மெக்கானிக்குக்காகக் காத்து நின்றேன். இரண்டாவது தடவை என்னைக் கடந்துபோன ஒருவர் வண்டியை நிறுத்தி, சக்கரம் சுலபமாகக் கிடைக்கிற ஒரு சந்து இருக்கிறது, காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.