ஈர வார்னிஷ்

விராலிமலையில் எரிந்த மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டும் என் ரீவைண்டிங் கடையில், சூடு தாங்கும் வார்னிஷில் முக்கியெடுத்த மோட்டார் காயிலை ஓவனில் வைத்தால் தெருமுனை வரை காட்டமாக வாசனை போகும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று டிப்ளமா படித்தவர்களும் சந்தேகம் கேட்க என்னிடம்தான் வருகிறார்கள். நேற்று அந்த வாசனைக்கு நடுவே மோட்டாரைக் கட்டக் கொடுத்திருந்த பெரியப்பா மகன் வந்து நின்றான். பழைய கிணற்றடி கண்முன் வந்துவிட்டது.

ஒரே கிணறு. ஒருநாள் பெரியப்பாவுக்குத் தண்ணீர், மறுநாள் எங்களுக்கு. எரிந்த மோட்டாருக்கு அங்கேயே காயில் கட்டி வார்னிஷ் ஊற்றிய மெக்கானிக், "நல்லாக் காயணுங்க, ரெண்டு நாள் பொறுங்க. ஈரத்தோட ஓட்டுனா எரிஞ்சிரும்" என்றார். நான் தொட்டுப் பார்த்தேன். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

"என் மொறைய விடச் சொல்றியா? போடுய்யா சுவிட்ச!" என்றார் பெரியப்பா. அவர் வயல் நனைந்தது. மறுநாள் அப்பா ஓட்டும்போது மோட்டார் புகைந்தது. "இவன்தான் எரிச்சான்" என்று ஊரெல்லாம் சொன்னார் பெரியப்பா. எங்கள் கடலை கருகியது. சாகும்வரை அப்பாவுக்கு அந்தக் கெட்ட பெயர் போகவில்லை.

"அண்ணே, ஈரமா இருந்தாலும் பரவாயில்ல, இப்பவே குடுங்க. பயிர் வாடுது" என்றான் நேற்று வந்த பெரியப்பா மகன்.

"அன்னைக்கு மோட்டார எரிச்சது ஒங்கப்பன்தான்னு ஊருக்குள்ள போயிச் சொல்லிட்டு வாடா. அதுக்குள்ள இது காஞ்சிரும்" என்றேன்.