ஏழாம் நம்பர் படத்தின் நிழல்

அலுவலகத்தில் கோப்பு காணாமல் போனால்கூட நான் குரலை உயர்த்தமாட்டேன். ஆனால் ஒரு ரயில் எஞ்சினின் முகத்தில் வெயில் சரியாக விழாத படத்தை யாராவது காட்டினால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். இருபது வருடமாக டெல்லியில் ஓக்லா பக்கம், தண்டவாளத்துக்கு மேலே போகும் ஒரு நடைபாலத்தில் நின்று ரயில்களைப் படம் எடுக்கிறேன். அந்தப் பாலத்தை எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டதாக ஒரு நினைப்பு. என்னைப்போன்ற ரயில் பைத்தியங்கள் அறுபது பேர் சேர்ந்த எங்கள் வாட்ஸப் குழு, இந்த வருடப் போட்டிக்கு என்னை நடுவராகப் போட்டது.

இன்னொரு நடுவர் கரோல் பாகில் இருக்கும் பஞ்சாபிக்காரர், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மதியம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பன்னிரண்டு படங்களைப் பரப்பினோம். எடுத்தவர் பெயர் கிடையாது. பின்பக்கம் ஒரு நம்பர், ரயில், இடம், அவ்வளவுதான். ஜெயிக்கிற படம் குழுவின் காலண்டர் அட்டையில் வரும்.

எனக்கு ஒரு முறை உண்டு. முதலில் எஞ்சின் எண்ணும், அதைப் பராமரிக்கும் ஷெட்டின் பெயரும் படிக்க முடிகிறதா என்று பார்ப்பேன். அடுத்தது மின்கம்பம், அது எஞ்சின் தலையில் கொம்பு முளைத்த மாதிரி நிற்கக் கூடாது. கடைசியாக வெயில். ஆசிரியருக்கு முறையெல்லாம் கிடையாது. படத்தைக் கை நீளத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்குவார். பிடிக்காவிட்டால் கீழே வைத்துவிட்டு டீ குடிப்பார்.

ஏழாம் நம்பரைக் கையில் எடுத்ததும் ஆசிரியர் டீயை மறந்துவிட்டார். "க்யா பாத் ஹை, பாய் சாஹப்!" என்று வியந்தார். என் பாலம் அது. சென்னையிலிருந்து வரும் ரயில் வளைவில் திரும்பி நேராகப் பாலத்தை நோக்கி வருகிறது. ஈரோடு ஷெட் எஞ்சின். அதன் ஒரு பக்கம் முழுக்கத் தேன் நிற வெயில், பின்னால் கடைசிப் பெட்டிவரை அதே வெயில். எனக்கு வயிறு எரிந்தது. அதே இடத்தில் நான் எடுத்தவை ஆயிரம் இருக்கும், ஒன்றுகூட இதன் பக்கத்தில் நிற்காது.

இரண்டாம் முறை பார்த்தபோதுதான் நிழல் கண்ணில் பட்டது. அந்த ரயில் காலை எட்டு மணிக்கு என் பாலத்தைத் தாண்டும். அப்போது தெற்கே பார்த்து நின்றால் சூரியன் நமக்கு இடது பக்கம், கம்பங்களின் நிழல் வலது பக்கம். இந்தப் படத்தில் நிழல்கள் இடது பக்கம் விழுந்திருந்தன. சாயங்கால வெயிலில் வெறும் தண்டவாளத்தை எடுத்து, அதில் ரயிலைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள் என்று தீர்ப்புச் சொன்னேன். சொல்லும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

"பூச் லேதே ஹைன் நா" என்றார் ஆசிரியர். எடுத்தவரைக் கேட்டுவிடுவோமே என்றார். நடுவர் போட்டியாளரிடம் பேசக் கூடாது, அதுதான் விதி என்றேன். அந்த விதியை அந்த நிமிடம்தான் நான் உண்டாக்கினேன்.

அன்று மாலையே குழுவில் எழுதினேன். ஏழாம் நம்பர் படம் நீக்கப்படுகிறது, வெயிலும் கால அட்டவணையும் ஒத்துப்போகவில்லை. பத்து நிமிடத்தில் ஒரு பெண், "படம் உண்மையானது" என்று போட்டாள். யார் படம் என்று அதிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவளை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், குர்கானில் ஐ.டி. வேலை. தமிழ் பேசுவாள், படிக்க வராது; குழுவில் எழுதுவதெல்லாம் ஆங்கிலம்தான். "அப்படியானால் சூரியன்தான் பொய் சொல்கிறது" என்று பதில் போட்டேன். சிரிக்கும் முகங்களாக வந்து குவிந்தன.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேள்வி கேட்பவர்களுக்குக் காட்டலாம் என்று அந்தப் படத்தை போனில் வைத்திருந்தேன். அலுவலகத்தில் ஒரு கடிதம் முடிப்பதற்குள் நாலு தடவை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். எஞ்சின் சக்கரங்களுக்கு அடியில்கூட நிழல் கம்பங்களின் நிழல் விழுந்த அதே பக்கம் விழுந்திருந்தது. ஒட்டுவேலை செய்கிறவன் இவ்வளவு மெனக்கெடுவானா? வீட்டில் மனைவி, "உக்காந்துதான் சாப்பிடுங்களேன், எதுக்கு இப்படித் தட்டைக் கையில வச்சிட்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடக்கிறீங்க?" என்றாள்.

அடுத்த ஞாயிறு காலை ஜனக்புரியில் மெட்ரோ ஏறி, ஏழரைக்கெல்லாம் பாலத்தில் போய் நின்றேன். வெயில் வந்தது. கம்பங்களின் நிழல் நான் சொன்னபடியே வலது பக்கம் விழுந்தது. ஆதாரத்துக்கு அதையும் படம் எடுத்துக்கொண்டேன். எட்டு ஆயிற்று, எட்டரை ஆயிற்று, ரயில் வரவில்லை. போனில் பார்த்தால் மதுராவுக்கு அந்தப் பக்கம் மூடுபனி, ஏழேமுக்கால் மணி நேரம் தாமதம். "சே" என்று கேமராவைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

மூன்றாவது படியில் கால் நின்றுவிட்டது. இருபது வருடமாக நான் இதைத்தான் செய்கிறேன். ரயில் ஒரு மணி நேரம் தாமதம் என்றாலே வீட்டுக்குப் போய்விடுவேன். ஏழேமுக்கால் மணி நேரம் கழித்து அந்த ரயில் இந்தப் பாலத்துக்கு எந்த வெயிலில் வரும் என்று நான் பார்த்ததே இல்லை. அவள் பார்த்திருக்கிறாள்.

அங்கேயே நின்று அவளுக்கு போன் செய்தேன்.

"ஹான் அங்கிள், சொல்லுங்க."

சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டாள்.

"அன்னிக்கு எட்டரை மணி நேரம் லேட் அங்கிள். இப்ப வரும், இப்ப வரும்னு ஆப்ல காட்டிட்டே இருந்தது. நாலரைக்குத்தான் வந்தது."

"நடுவுல வீட்டுக்குப் போகலியாம்மா?"

"போயிருந்தா படம் ஏது? ஒரு தடவ என்னைக் கேட்டிருக்கலாமே அங்கிள். எத்தனை மணிக்கு எடுத்தேன்னு. அவ்ளோதானே?"

"என் தப்புதான்மா. ரயில் லேட்டா வந்ததுன்னு இப்பவே குரூப்ல எழுதிடறேன்."

"அச்சா. ஆனா அது உங்களுக்குத் தோணவே இல்லியா? ஜனவரில இந்த ஊருக்கு எந்த ரயில் டயத்துக்கு வருது?"

"படம் ரொம்ப நல்லா இருந்ததும்மா. இத்தனை வருஷத்துல எனக்கு அப்படி ஒண்ணு கிடைக்கல. எனக்குப் பொறுக்கல."

கீழே ஒரு சரக்கு ரயில் போக ஆரம்பித்து, போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் வந்தது.

"இதையும் எழுதுங்க அங்கிள். எனக்கு காலண்டர் அட்டை கிட்டையெல்லாம் வேண்டாம். இது போதும்."

"எழுதறேன்" என்றேன்.

படியில் உட்கார்ந்து தட்டினேன். ரயில் தாமதமாக வந்தது, நான் அட்டவணையை நம்பி ஏமாந்தேன், படம் உண்மையானது, மன்னிக்கவும். இதெல்லாம் மளமளவென்று வந்தது. அடுத்து, 'உண்மையில் எனக்குப் பொறாமை' என்று எழுதினேன். அழித்தேன். வேறு மாதிரி எழுதினேன், அதையும் அழித்தேன். குழுவில் பாதிப் பேர் என்னை உஸ்தாத் என்று கூப்பிடுகிறவர்கள். முதல் பகுதியை மட்டும் அனுப்பிவிட்டு எழுந்தேன்.

மெட்ரோவில் ஏறுவதற்குள் கட்டைவிரல்களும் பூங்கொத்துகளும் வரத் தொடங்கிவிட்டன. 'பெரிய மனசு சார்.' 'தப்பை இப்படி ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?' 'இதுதான் நடுவர்!' படத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. இதற்கெல்லாம் நடுவில், சாம்பல் நிறச் சின்ன எழுத்தில் ஒரு வரி, அவள் குழுவைவிட்டு வெளியேறிவிட்டாள் என்று. போட்டியிலிருந்து தூக்கியபோதுகூடப் போகாமல் இருந்தவள்.

அந்த வரிக்குக் கீழேயும் பாராட்டு வந்துகொண்டே இருந்தது. ஜனக்புரி வருவதற்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லி முடித்தேன்.