தராசில் ஏறாத பைலட்

வெர்லின் மெட்லரின் விமானத்தில் ஏற வேண்டுமென்றால் முதலில் தராசில் ஏற வேண்டும். கவர்னரே வந்தாலும் அதுதான் சட்டம். தெற்கு டகோட்டாவில், புல் ஓடுபாதையின் ஓரமாக நிற்கும் அவருடைய தகரக் கொட்டகையில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்று உண்டு. ஊர்த் தீவனக் கடையை மூடியபோது வாங்கி வந்தது. விமானமோ நாலே பேர் உட்காரும் குட்டி விமானம். சுமை கூடினால் ஓடுபாதை முடிந்து சோளக்காடு வந்துவிடும், இது மட்டும் மேலே எழும்பாது. எடையை வாயால் கேட்டால் உலகத்தில் யார் உண்மையைச் சொல்கிறார்கள்? அதனால்தான் தராசு.

வெர்லினுக்குப் பிழைப்பு டிராக்டர் பழுது பார்ப்பது. தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நோயாளிகளை இலவசமாக ஏற்றிச் செல்லும் தொண்டர் பைலட்டுகளில் அவரும் ஒருவர். எரிபொருள் அவர் கைக்காசு. ஏறுகிறவர்களிடம் சல்லிக்காசு வாங்கக்கூடாது என்பது கண்டிப்பான விதி. சரி, காசு வாங்க மாட்டார் என்றால் அந்த ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? கூகன் சுட்டார்கள். முட்டையும் பாலேடும் ஊற்றிச் சுடும் தட்டகல இனிப்பு அது. கல்யாணமானாலும் கருமாதியானாலும் அந்தப் பக்கத்தில் கூகன் இல்லாமல் ஒன்றும் நடக்காது. கண் ஆபரேஷனுக்குப் போனவர் ஆப்ரிகாட் கூகன், சிறுநீரகத்துக்குப் போனவர் கொடிமுந்திரி கூகன் என்று கொண்டு வந்து நீட்ட, மனிதர் மறுக்கவே தெரியாதவர், எல்லாவற்றையும் தின்று தீர்த்தார்.

அவருடைய வாடிக்கையான பயணி பிரின் என்ற பத்து வயதுச் சிறுமி. தொடை எலும்பில் கட்டி. மினியாபொலிஸ் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி, அறுவை செய்து, மறுபடி மருந்து ஏற்றி என்று இரண்டு வருஷப் பாடு. கூடவே அம்மா ஷெரி போவாள். பிரினைச் சக்கர நாற்காலியோடு அப்படியே தராசில் உருட்டி ஏற்றி நிறுப்பார் வெர்லின். ஒவ்வொரு தடவையும் முள் கொஞ்சம் கீழே நிற்கும். நாற்காலி இளைக்காது, யார் இளைக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அந்த முள்ளைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்காது. வெளியே காட்டிக்கொள்ளாமல், இந்தக் காற்றில் மூக்கு ஒழுகுகிறதே என்று கைக்குட்டையைத் தேடுவார்.

பிரினின் அப்பா கர்ட் ராவ் ஒரு தடவைகூட வந்ததில்லை. பால் பண்ணைக்காரர். காலையும் மாலையும் மாடு கறக்க வேண்டும், காரில் போனால் போகவே ஒரு பகல் ஆகிவிடும். நோய் முழுசாகப் போய்விட்டதா இல்லையா என்று டாக்டர் சொல்லப்போகும் அந்தக் கடைசிப் பயணத்துக்காவது தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மனிதர் தவித்தார். காலைக் கறவை முடிந்து புறப்பட்டால் மாலைக் கறவைக்குத் திரும்பிவிடலாம், நாலாவது இருக்கை உனக்குத்தான் என்று வெர்லின் வாக்குக் கொடுத்தார். கணக்கும் போட்டுப் பார்த்தார். மயிரிழையில் சரியாக வந்தது.

அதற்கு முந்தின பயணத்தில், தராசிலிருந்து இறங்கிய பிரின் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க ஏறவே மாட்டேங்கிறீங்களே, கேப்டன்?"

"என் எடைதான் எனக்குத் தெரியுமே, கண்ணு."

"எப்ப பாத்தது?"

வெர்லின் யோசித்தார். லைசென்ஸ் வாங்கியபோது பார்த்தது. அது கூகன் காலத்துக்கு முந்தின சரித்திரம். ஊரையெல்லாம் நிறுத்த மனிதர் இத்தனை வருஷமாகத் தன்னை மட்டும் நிறுக்கவில்லை! ஏறினார். முள் எங்கோ போய் நின்றது. நாற்பது பவுண்டு அதிகம். அம்மாவும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வெர்லினும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் கணக்கு உறைத்தது. அந்த நாற்பது பவுண்டு கர்ட்டின் இடத்தில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து மனைவி ஆர்டிஸிடம் சொன்னார். அவள் கொஞ்சமும் அதிரவில்லை.

"பெல்ட்டுல மூணாவது ஓட்டை போட்டப்பவே சொன்னேன். நீதான் துவைச்சதுல பெல்ட் சுருங்கிருச்சுன்னே."

"இப்ப என்ன பண்றது, ஆர்டிஸ்? அந்த ஆளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"வாயை மூடு. அதைத்தான் பண்ணணும்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து காப்பி குடிக்கும் இடத்தில் ஆர்டிஸ் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அவ்வளவுதான், ஊரே வரிந்துகட்டிக்கொண்டு இறங்கிவிட்டது. கூகன் வரத்து நின்றது. சாப்பாட்டுக் கடையில் அவர் வறுத்த ஆட்டுக்கறி கேட்டால் முட்டைக்கோஸ் வந்தது. டிராக்டர் பழுதுக்கு வந்தவர்கள் சாவியைக் கொடுக்குமுன் வயிற்றைப் பார்த்தார்கள். அறுவடை முடிந்து பனி விழுகிற வரைக்கும் மனிதர் ஓடுபாதையில் மேலும் கீழும் நடந்தார். அந்தப் பக்கம் கர்ட் மாட்டுக்குப் பின்னாலேயே நடந்து தன் பங்குக்கு இளைத்தார். இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டால் பேச்சு முழுக்கத் தீனியைப் பற்றித்தான்.

அந்த நாளும் வந்தது. வெர்லின் முதல் ஆளாகத் தராசில் ஏறினார். நாற்பதும் போயிருந்தது. கர்ட் ஏறினார், சரி. ஷெரியும் சரி. கடைசியில் பிரினை நாற்காலியோடு உருட்டி ஏற்றினார்கள். முள் மேலே போனது. போய்க்கொண்டே இருந்தது.

வெர்லின் தராசைத் தட்டிப் பார்த்தார். மறுபடியும் அதே தப்பு. போன தடவை எடையை வைத்தல்லவா கணக்குப் போட்டிருந்தார்! மருந்து ஏற்றுவது நின்ற பிறகு பிள்ளைக்கு வாய் திறந்திருக்கிறது. கண்டதையெல்லாம் தின்று, கன்னம் உப்பி, குட்டிப் பூசணி போல உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை நாளும் இந்த முள் ஏறாதா என்று ஏங்கிய வெர்லினுக்கு, ஏறியதும் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தாலேயே இப்போது சுமை கூடிப் போனது.

எரிபொருளைக் குறைக்க வழியில்லை, எதிர்க்காற்று. கர்ட் பூட்ஸைக் கழற்றினார், கோட்டைக் கழற்றினார். போதவில்லை. பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு, மகளின் தலையைத் தொட்டார்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் போன் பக்கத்துலயே இருக்கேன்."

பிரின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாற்காலிய விட்டுட்டுப் போலாம்ல?"

நாற்காலி இல்லாமல் எப்படி என்றாள் ஷெரி. ஊன்றுகோலில் வீட்டுக்குள் நாலு எட்டு வைப்பதும், அத்தனை பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றுவதும் ஒன்றா என்றாள்.

"ஏம்மா, ஆஸ்பத்திரில நாற்காலிக்கா பஞ்சம்? வாசல்லயே வரிசையா நிக்குது. அதுவரைக்கும் அப்பா தூக்கட்டும். அதுக்குத்தானே வர்றாரு."

பெரியவர்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வருஷமாகப் பிள்ளையையும் நாற்காலியையும் ஒன்றாகவே நிறுத்து நிறுத்து, இரண்டும் ஒன்றுதான் என்று எல்லார் மனதிலும் பதிந்து போயிருந்தது. தனித்தனியாக நிறுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பிரின் ஊன்றுகோலை வாங்கி ஊன்றி எழுந்தாள். வெர்லின் நாற்காலியைத் தராசிலிருந்து இழுத்துவிட்டார். முள் இறங்கி நின்றது. இன்னும் ஒரு கூகன் வைக்கக்கூட இடம் மிச்சமிருந்தது. கர்ட் மகளைத் தூக்கிக்கொண்டு விமானத்துக்கு நடந்தார்.

மினியாபொலிஸில் டாக்டர் படங்களைப் பார்த்தார். ஒன்றும் இல்லை, சுத்தமாகப் போய்விட்டது என்றார். கர்ட் அவரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு அந்தப் பெரிய உருவம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுததை ஷெரி பின்னால் எல்லாரிடமும் சொன்னாள். அவர் மறுக்கவில்லை.

ஷெரி போன் போட்டுச் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. மாலைக் கறவைக்கு முன்னால் விமானம் புல்லில் இறங்கியபோது கொட்டகை முன்னால் இருபது வண்டிகள் நின்றன. பிரின் ஊன்றுகோலோடு தானே இறங்கி நடந்து வந்தாள். எதிரே ஆர்டிஸ் அந்தச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இருக்கையில், கைப்பிடியில், கால் வைக்கும் பலகையில் என்று அடுக்கடுக்காகக் கூகன், மாதக்கணக்கில் ஊர் அடக்கி வைத்திருந்த அத்தனை கூகனும்.

"கேப்டன், முதல்ல தராசுல ஏறிட்டுத்தான் தொடணும்," என்றாள் பிரின்.

வெர்லின் தராசு இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலே இருந்த ஆப்ரிகாட் கூகனை எடுத்து, அவளுக்குப் பாதி, தனக்குப் பாதி என்று பிட்டார்.