பிரான்ஸ் நாய் கடிச்சா ஊசி உண்டா?

எங்க தெருவுல நாய்ங்க ரெண்டு ஜாதி. கடிச்சா ஊசி போட வேண்டியது தெரு நாய். கடிச்சாலும் போட வேணாம்னா அது பிரான்ஸ் நாய். ரெண்டாவது ஜாதியில இருந்தது ஒண்ணே ஒண்ணு, எங்க மாமா நாய்.

மாமான்னா அத்தை வீட்டுக்காரர். அவங்கப்பா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவர், அதனால மாமாவும் பேப்பர்ல பிரெஞ்சுக்காரர். பிரான்ஸ் பக்கம் போனதே இல்ல. அவருக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு "வியன்". அப்படின்னா "வா". அதையும் நாய்கிட்ட மட்டும்தான் பேசுவார்.

அந்த நாய் ஒரு நாள் என் கெண்டைக்காலைக் கவ்விடுச்சு. வாலை இழுத்தா பிரெஞ்சுல குரைக்குமான்னு பார்த்தேன், அவ்ளோதான். பின்னாடி அஞ்சாங்கிளாஸே தாண்டாத ஆளுதான் நான், ஆனா ஆராய்ச்சியில ஆர்வம் ஜாஸ்தி.

அம்மா சோப்பு போட்டுக் கழுவிட்டு, "கிளம்புடா கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு"ன்னாங்க. ஊசின்னா எனக்கு உயிரே போயிடும். உட்கார முடியல, நிக்க முடியல. வாசலுக்கும் கொல்லைக்கும் ஓடுறேன். "அது பிரான்ஸ் நாயிம்மா!"

மாமாவும் வந்துட்டார். கையில துணிக்கட்டு, கேட்டா ஆணி கிழிச்சிடுச்சாம். "ஏன் தங்கச்சி, பிரான்ஸ் நாய்க்குப் போயி ஊசியா?"

"அப்படியா அண்ணே? கூப்பிடுங்க, பார்ப்போம்."

"வியன், வியன்"னார் மாமா. நாய் காதைக்கூட ஆட்டல. தாயே, இதுக்குக் கொஞ்சம் பிரெஞ்சு குடுன்னு மாதாவை வேண்டிக்கிட்டேன். அந்த நேரம் பார்த்து தெருவுல போன மீன்காரம்மா, "வாடா கருப்பா"ன்னுச்சு. வாலை ஆட்டிக்கிட்டு அதுகிட்ட ஓடிடுச்சு படுபாவி நாய்.

"பிரான்ஸ் நாய்தான்"னார் மாமா. "தமிழ் கத்துக்கிச்சு."

"அதானே!"ன்னு நான் குதிச்சேன். அம்மா காதைப் பிடிச்சு பஸ்ஸுல ஏத்திட்டாங்க.

ஆஸ்பத்திரியில ஒரு காலு மாத்தி ஒரு காலுல நின்னுக்கிட்டிருந்தேன். வரிசையில எங்களுக்கு முன்னால ஒருத்தர் சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டு, மூஞ்சிய சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு நிக்கிறார். பார்த்தா மாமா! ஸ்கூட்டர்ல முந்திட்டார்.

"என்ன அண்ணே, ஆணி கடிச்சிடுச்சா?"ன்னாங்க அம்மா.

நர்சம்மா கேட்டாங்க: "தெரு நாயா, வீட்டு நாயா?"

"பிரான்ஸ் நாய்"னார் மாமா, ஊசிக்குக் கையை நீட்டிக்கிட்டே.

"இன்னுமா அண்ணே? தமிழ்ல கூப்பிட்டாத்தானே வருது."

மாமா திரும்பி அம்மாவைப் பார்த்தார். "அப்ப நான் யாரு தங்கச்சி?"

பதில் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். "நீங்க எங்க மாமா!"ன்னு கத்துனேன்.

வரிசையே சிரிச்சிடுச்சு. மாமா மட்டும் சிரிக்கல, என் தலையைத் தடவிட்டுப் போயிட்டார். பெரிய ஜோக்கு அடிச்சிட்டேன்னு எனக்கு ஒரே பெருமை. ஊசி குத்துனதுகூடத் தெரியல.