முனிராஜின் டோக்கனில் நான் படுத்தேன்

முனிராஜுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பட்டம் கட்டியவன் நான்தான். அந்த வாயிலேயே இப்போது அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பாரூர்க்காரன். மூக்கண்டப்பள்ளியில் என் அறைத்தோழன். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இருவருக்கும் காண்ட்ராக்ட் வேலை. மிஷின் முன்னால் நிற்கும்போதே திடீரென்று அவன் நெஞ்சு தடதடவென்று அடிக்கும், பத்து நிமிடத்தில் சுவிட்சை அணைத்ததுபோல நின்றுவிடும். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் அடங்கி, ஈசிஜி நார்மல் என்று வரும். "கேஸ் டிரபிள்டா, பயந்து சாகாத" என்று கிண்டலடிப்பேன்.

காண்ட்ராக்ட் புதுப்பிக்க மெடிக்கல் செக்கப் என்றதும் அவன் முகம் வெளுத்தது.

"பாலாஜி, ஈசிஜிக்குப் படுத்திருக்கும்போது அது வந்துட்டா வேல போயிடும்டா. கவிப்ரியா படிப்பு என்னாவறது?"

தங்கையின் நர்சிங் படிப்பு அவன் சம்பளத்தில்தான் ஓடுகிறது. எங்கள் லைனில் ஒருவன் டோக்கனில் இன்னொருவன் நுழைவது புதிதில்லை, கண் பரிசோதனைக்கே ஆள் மாறுவோம். என் செக்கப் முறை அடுத்த மாதம்தான். "குடுடா டோக்கன. என் நெஞ்சு இரும்பு" என்று அவன் பெயரில் நான் போய்ப் படுத்தேன்.

மறுநாள் டாக்டரம்மா முனிராஜைக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன்.

"முனிராஜ், உங்க இதயத்துல கரண்டு போக பொறப்புலயே ஒரு குறுக்கு வழி இருக்கு. அதுல சுத்த ஆரம்பிச்சா நிமிஷத்துக்கு இருநூறு தடவ துடிக்கும். சிலருக்குப் படபடப்பு வரும், மூச்சு வாங்கும். சிலர் ஒண்ணும் தெரியாமலே இருந்து பொத்துனு விழுவாங்க. சரிபண்ணிடலாம், வேலைக்கும் தடையில்ல. எப்பயாச்சும் மயங்கினீங்களா?"

ஐயோ! போன மாதம் கம்பெனி பஸ்ஸில் கண் இருட்டிச் சரிந்தவன் நான். வெயில் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. அப்போதும் என் புத்தியைப் பாருங்கள், ஆள்மாறாட்டம் தெரிந்தால் இருவர் வேலையும் போகுமே என்று முனிராஜின் காலை மிதித்தேன்.

அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"மேடம், அது என் நெஞ்சு இல்ல. இவனுது. எனக்கு அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல இவனப் பாருங்க."

இப்போது பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன். அந்தக் குறுக்கு வழியை நாளைக்குச் சுட்டு அடைத்துவிடுவார்களாம். கம்பெனி கேட்டில் முனிராஜின் ஐடி கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். என் கார்டு என்னிடமே இருக்கிறது. தான்தான் என்னைக் கட்டாயப்படுத்திப் படுக்க வைத்ததாக எழுதிக் கொடுத்துவிட்டான், படுபாவி.