கண்ணாடியின் தொப்பை

மாமியாரின் இடது கையை மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு விரலாகப் பிடித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள் லென்ஸ் அக்கா. படுக்கையில் கிடப்பவருக்கு நகம் வெட்டுவதென்றால் முதலில் வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். அவசரப்பட்டால் சதையும் சேர்ந்து போகும். சுண்டுவிரல் மிச்சம் இருந்தபோது கணவர் உள்ளே வந்தார். பட்டப்பகலில், ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு, முகம் கொள்ளாத சிரிப்போடு. ஏதோ வாங்கி வந்திருக்கிறார் என்று அவளுக்குப் பார்த்தவுடனேயே தெரிந்துபோயிற்று.

தெருவே அவளை லென்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். கல்யாணமான புதிதில் யாரோ கணவரின் கேமரா லென்ஸைப் பழுதுபார்த்து, கண்ணாடியில் கோடு போட்டுத் திருப்பித் தந்தார்கள். 'இந்த லட்சணத்துக்கு நானே கெடுத்திருப்பேனே' என்றவள், அடுத்த லென்ஸைத் தானே திறந்தாள். கெடவில்லை. அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்த லென்ஸ் மங்கினாலும் அவள் மேஜைக்கு வந்துவிடும். வேலை நடக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் அன்றைக்கு அவர்களுக்கு டீ கிடையாது.

இப்போது மங்கிக் கிடந்தது வீட்டு லென்ஸ். முன்கண்ணாடிக்குப் பின்னால் பூஞ்சை. மறுநாள் மதியம் ஒரு பள்ளியில் குழுப்படம் எடுக்கக் கணவர் ஒப்புக்கொண்டிருந்தார். அவரிடம் இருப்பது இந்த ஒரு லென்ஸ்தான். கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தில் எதிரெதிராக இரண்டு சின்ன வெட்டுகள் உண்டு. அதைத் திருகும் ஸ்பேனரின் இரண்டு முனைகளும் அந்த வெட்டுகளில் உட்கார்ந்தால்தான் வளையம் சுழலும். அவளுடைய பழைய ஸ்பேனரிலோ ஒரு முனை உடைந்துவிட்டது.

கணவர் பையிலிருந்து புது ஸ்பேனரை எடுத்து நீட்டினார். குட்டையாக, கனமாக, பளபளவென்று இருந்தது. காலிப்பர் வைத்து அளந்து வாங்கியதாகவும், வெட்டின் அகலம், இரண்டு வெட்டுகளுக்கும் இடையே உள்ள தூரம் எதையும் விடவில்லை என்றும் சொன்னார்.

அவள் சுண்டுவிரலை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கண்ணாடியின் மேல் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் போட்டு ஸ்பேனரை இறக்கினாள். முனைகள் அச்சாக வெட்டுகளில் உட்கார்ந்தன. கணவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"இப்ப பேப்பரை இழுங்க."

இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் கிழிந்தது. இரண்டு முனைகளையும் இணைக்கும் குறுக்குத்தண்டு கண்ணாடியின் உப்பலை அழுத்திக்கொண்டிருந்தது. அப்படியே திருப்பியிருந்தால் வட்டமாக ஒரு கோடு விழுந்திருக்கும்.

"அகலத்தை அளந்தீங்க, தொப்பையை அளக்கலையே. உங்களுக்குச் சட்டை எடுக்கும்போது நான் தோளை மட்டுமா அளக்கறேன்?"

கட்டிலில் மாமியார் சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவரை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று.

கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திருப்பினால் ஆகாதா என்று கணவர் இழுத்தார். முனை அரைகுறையாக உட்கார்ந்தால்தான் வழுக்கிக்கொண்டு வந்து கண்ணாடியை உழுதுவிடும் என்றாள். கடையில் மாற்றிக்கொண்டு வரச் சொன்னாள். அவர் கூரையைப் பார்த்தார். ஸ்பேனரைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் காரணம் புரிந்தது. அவர் மட்டும் அவளைக் கூப்பிடும் செல்லப்பெயர், கைப்பிடியில் அழகாகச் செதுக்கப்பட்டிருந்தது.

"இதைக் கடைக்காரர் படிச்சாரா?"

"படிச்சாரு," என்றார் கணவர். "சத்தமாவே படிச்சாரு."

அவள் காதுமடல் சிவந்தது. அசடு வழிய நின்றவரை ஏறிட்டுப் பார்த்தாள். தேற்றிக்கொண்டிருக்க அவளுக்குத் தெரியாது. அலமாரியிலிருந்து வேறொருவரின் பெட்டிக் கேமராவுக்கான மரப்பலகையை எடுத்து வந்து, அதில் அந்தக் கேமராவின் லென்ஸை மாட்டி, பின்பக்க வளையத்தைப் புது ஸ்பேனரால் இறுக்கினாள். அதன் பின்கண்ணாடியை முன்பே கழற்றி வைத்திருந்ததால் இடிக்க மேடு ஏதும் இல்லை. வளையம் பிடித்த பிடியில் நின்றது.

"மாட்டறதுக்கு இது நல்லா இருக்கு. நீளக்காலா இருந்தா அழுத்தும்போது வளையும். கழட்டறதுக்கு மட்டும் வேற வேணும்."

"என் மனசுக்காகச் சொல்றியா?"

"அப்படின்னா அகலம் சரின்னு சொல்லி நிறுத்தியிருப்பேனே, தொப்பையைப் பத்தி ஏன் பேசறேன்?"

மறுநாள் காலையில் லென்ஸைத் துண்டில் சுற்றிக்கொண்டு, கடை திறக்கும்போதே போய் நின்றாள். அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிடும் வேலை கணவருக்கு வந்து சேர்ந்தது. கடைக்காரர் அவளைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். நீளக்கால், தட்டை முனை, கால்கள் விரியாமல் பூட்ட இரண்டு திருகு என்று வேண்டியதைச் சொன்னாள். எடுத்துப் போட்ட ஒவ்வொன்றையும் லென்ஸின் மேல் வைத்து, பக்கவாட்டில் குனிந்து, தண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாள். கடைசியில் எடுத்தது கறுப்பாக, அழகே இல்லாத ஒன்று.

வீட்டில் மாமியார் சுத்தமாக இருந்தார், சட்டைப் பொத்தான்தான் ஒன்று தள்ளிப் போட்டிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டு மேஜைக்குப் போனாள். வளையம் முதலில் முரண்டு பிடித்து, பிறகு இறங்கி வந்தது. பூஞ்சையைத் துடைத்து, கண்ணாடியை வைத்து, வளையத்தைப் பூட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. கணவர் அதை வாங்கிக்கொண்டு சாப்பிடாமலே கிளம்பப் பார்த்தார். தோளைப் பிடித்து உட்காரவைத்து, சோறு போட்டுத்தான் அனுப்பினாள்.